சின்னப்பன் தோட்டம் நாலாவது சந்து

அந்த ஐப்பசியில் சென்னைக்கு வந்த காற்று, மரத்தைச் சாய்ப்பதிலும் கூரைத் தகரத்தைப் பிய்ப்பதிலும் நேரத்தை வீணாக்காமல் நேராகத் தெருக்களைப் பிடித்தது. முதல் நாள் விடியலில் பெரம்பூரில் பால் வாங்கப் போனவர்கள், முந்தின நாள்வரை மருந்துக்கடை இருந்த முனையில் கடல் அலையடிப்பதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பால் வண்டி எந்தப் பக்கமாக வரும் என்று விசாரித்தார்கள். தெருக்கள் மழைத் தண்ணீரின் மேல் பாரம் ஏற்றிய படகுகளைப் போல, ஆள் நடக்கிற வேகத்தில், தார் விளிம்பு தளும்பத் தளும்ப நகர்ந்தன. வீடுகளும் கடைகளும் நிறுத்தி வைத்த வண்டிகளும் அவற்றின் அடியில் தூங்கிய நாய்களும் இருந்தபடி இருக்க, மின்கம்பிகள் மட்டும் நீண்டு நீண்டு கொடுத்தன. மூன்று நாளும் மின்சாரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஜனங்கள் வாயில் கை வைத்துப் பேசிக்கொண்ட ஆச்சரியம் அது ஒன்றுதான்.

மற்றதற்கெல்லாம் நகரம் அன்று மதியத்துக்குள் பழகிவிட்டது. பெரம்பூர்த் தெருவில் பத்து மணிக்கே 'கடல் பார்த்த வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது, பதினோரு மணிக்குச் சுண்டல்காரர் வந்தார், சாயங்காலம் குடியிருந்தவர்கள் காயப்போட்ட துணியில் உப்பு படிகிறது என்று அலுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள் மட்டுமே குடியிருந்த நிழல்சாலை ஒன்று மிதந்துபோய் மீன் மார்க்கெட்டின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது; அவர்கள் அவசரக் கூட்டம் போட்டு, தங்கள் சாலையை ஒட்டி அத்துமீறி நிற்கும் மார்க்கெட்டை உடனே அகற்ற வேண்டும் என்று மனு எழுதினார்கள். கல்யாண மண்டபம் இருந்த தெரு பெண் வீட்டாரோடு புறப்பட்டுவிட, மாப்பிள்ளை வீட்டார் மூன்று சிக்னல் தள்ளி அதைப் பிடித்து ஏறினார்கள்; முகூர்த்தம் தவறவில்லை, ஆனால் சாம்பார் ஆறியிருந்தது என்பதை அந்தச் சம்பந்திகள் இந்த ஜன்மத்தில் மறக்கப்போவதில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் சிவப்பு விளக்கில் நிற்காமல் குறுக்கே போன தெருவை விசில் ஊதி நிறுத்தப் பார்த்தார். அது நிற்காததால், முதல் வீட்டுக்காரர் மேல் வழக்கு எழுதினார்.

இரண்டாம் நாள் மேலிடத்திலிருந்து அறிவிப்பு வந்தது. 'நகரில் எந்தத் தெருவும் நகரவில்லை. தெருக்களுக்கு இடையிலான தூரம் மட்டுமே தற்காலிகமாக மாறியுள்ளது. பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம்.' இதை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டு போன வண்டி, வாசித்து முடிப்பதற்குள், தான் நின்ற தெருவோடு சேர்ந்து வில்லிவாக்கம் போய்விட்டது.

மூன்றாம் நாள்தான் மோனிஷாவுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு.

இளநிலை உதவியாளர் வேலை. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அவள் குடும்பத்தில் மட்டுமல்ல, அவர்கள் சந்திலேயே முதல் பட்டதாரி அவள். அதற்கென்று தனியாக ஒரு சான்றிதழ் உண்டு, அதையும் வாங்கி வைத்திருந்தாள். போன வருஷமும் தேறியவள்தான். சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் குடும்பத்தார் கூவம் ஆற்றங்கரையில், சின்னப்பன் தோட்டம் நாலாவது சந்தில் குடியிருந்தவர்கள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், அவள் மூன்றாம் வகுப்பு அரைப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், சந்து மொத்தத்தையும் லாரிகளில் ஏற்றி, இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, புதுவாழ்வு நகர் என்று பெயர் வைத்த நான்கு மாடிக் கட்டடங்களில் இறக்கிவிட்டார்கள். ஆற்றங்கரையை அழகுபடுத்திப் பூங்கா வைத்தார்கள். லாரி புறப்படும்போது அவள் அப்பா கன்னியப்பன் பானை சட்டியை எடுக்காமல், சந்து முனையிலிருந்த நீலப் பெயர்ப்பலகையைத் திருகிக் கழற்றி எடுத்துக்கொண்டார். புதிய இடத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்த சிமெண்டுப் பாதையில் அதை ஆணியடித்து மாட்டினார். அதனால் அந்தப் பாதைக்கும் அதே பெயர் ஆனது.

சரிபார்ப்பு அலுவலகத்தின் தடித்த பதிவேட்டிலோ, அந்தச் சந்து ஆற்றங்கரையை விட்டு அசையவே இல்லை. யாரும் அதைத் திருத்தவில்லை.

"பதிவேட்டுல ஆத்தங்கரை. உங்க சான்றிதழ்ல புதுவாழ்வு நகர். ரெண்டுல எதும்மா உண்மை?" என்று போன வருஷம் கேட்டார், அங்கே கண்காணிப்பாளராக இருந்த மீனலோசனி மேடம்.

மோனிஷா யோசித்து, "ரெண்டும்தான் மேடம்" என்றாள்.

"ரெண்டு உண்மைக்கு இங்க கட்டம் இல்லையே" என்று அந்த அம்மாள் கோபமே இல்லாமல் சொல்லி, சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோட்டை அழிக்க ஒரு வருஷம் அலைந்தாள். பதிவேட்டைத் திருத்த வேண்டுமானால் குடியேற்றப் பிரிவின் கடிதம் வேண்டும் என்றார்கள்; குடியேற்றப் பிரிவு எங்கே என்றால், அதை வேறு இடத்தில் குடியேற்றிவிட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்றார்கள். கடைசியில் வார்டு அலுவலகத்தில் 'மேற்படி குடும்பமும் மேற்படி குடும்பமும் ஒரே குடும்பமே' என்று ஒரு கடிதம் கிடைத்தது. அதை நம்பித்தான் கிளம்பினாள். பழைய சுங்கத் தெருவிலிருந்த சரிபார்ப்பு அலுவலகத்தில் பகல் ஒரு மணிவரை நேரம். மிச்சமிருந்த காலியிடங்களை வைத்துப் பார்த்தால் இதுதான் கடைசி முறை. எந்தப் படிவமானாலும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பிரதி நிரப்பி வைப்பது அவள் வழக்கம். ஒன்று தொலைந்துவிட்டால் என்ற பயம் சின்ன வயதிலிருந்தே உண்டு. இரண்டு பிரதிகளையும் சான்றிதழ்களையும் துணிக்கடைப் பை ஒன்றுக்குள் இன்னொரு துணிக்கடைப் பையாகச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு விடிவதற்கு முன் பஸ் ஏறினாள். அப்போது அவர்கள் சந்து இருந்த இடத்தில்தான் இருந்தது.

கிண்டிக்கு அப்பால் பஸ் போகவில்லை. "ரோடு வந்தா போலாம்" என்று கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தலையணையாக வைத்துச் சாய்ந்துகொண்டார். மோனிஷா இறங்கி நடந்தாள். குடை முதல் முனையிலேயே மேல்நோக்கித் திரும்பிக்கொண்டது; அதை அப்படியே பிடித்துக்கொண்டு போனதில் மழைத்தண்ணீர் அதில் நிரம்பியதே தவிர வேறு பலன் இல்லை. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ, ஆள் நிரம்பி, இன்ஜினை அணைத்துவிட்டு நின்றிருந்தது.

"அண்ணா, பழைய சுங்கத் தெரு போவுமா?"

ஓட்டுநர் தணிகாசலம் மீசையிலிருந்து தண்ணீரை வழித்தார். "போவாதும்மா. வரும்."

"எப்போண்ணா வரும்?"

"பதினோரு மணிக்கே இந்தப் பக்கம் வர்ற மாறிதான் இருந்துச்சி. நடுவுல கல்யாண மண்டபத் தெரு ஒண்ணு குறுக்க பூந்துடுச்சி. ஏறிக் குந்து, இன்னாத்துக்கு மழைல நிக்கிற?"

உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண்மணி, மடியைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் கொடுத்தாள். "வா பாப்பா. நான் மூணு நாளா இதே ஆட்டோதான். நேத்து குந்துனேன் பாரு, எங்க நாத்தனார் வூட்டுத் தெருவே முன்னால வந்து நின்னுச்சி. எறங்கி, ஒரு டீய குடிச்சி, நாலு வார்த்தை சண்ட போட்டுட்டு, திரும்ப வந்து குந்திக்கினேன்."

"ஒரு மணிக்குள்ள போவணுங்க்கா."

"ஒரு மணி எங்கியும் போவாது, அதுவும் இங்கியேதான் வரும்" என்றார் தணிகாசலம். ஆட்டோவே சிரித்தது. மோனிஷாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உட்கார முடியவில்லை. எதுவும் தானாக வரும் என்று காத்திருந்து அவர்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் வந்ததில்லை.

ஆகவே அவள் நடந்தாள். எதிர்க்காற்றில் நெற்றியைக் கொடுத்து, முழங்கால் தண்ணீரில், ஒரு தெருவிலிருந்து இறங்கி இன்னொரு தெருவில் ஏறி, நின்ற தெருவில் நடந்தும் நடக்கிற தெருவில் நின்றும், மயிலாப்பூரின் ஒரு துண்டையும் அயனாவரத்தின் ஒரு துண்டையும் கடந்து போனாள். சந்திப்பு ஒவ்வொன்றிலும் ஜனங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்பதுபோல் தெருவுக்காகக் கூட்டமாக நின்று, வந்த தெருவின் பெயரைப் படித்து, நம்முடையது இல்லை என்று மறுபடி செல்போனைப் பார்த்தார்கள். அதிகாரிகளின் நிழல்சாலையில் ஒரு பெரியவர் வாசல் கதவுக்குள்ளிருந்து, "இது தனியார் நடமாட்டப் பகுதி, சுத்திக்கிட்டுப் போம்மா" என்றார். சுற்றிப் போக அங்கே பூமி இல்லாததால், அவளை மீன்கூடையோடு வந்த ஒருத்தி கை பிடித்து மார்க்கெட்டின் மேல் ஏற்றிவிட்டாள்.

பன்னிரண்டு இருபதுக்குப் பழைய சுங்கத் தெரு ஆற்றோரமாக மெல்லப் போய்க்கொண்டிருப்பதைக் கண்டு, ஓடிப்போய் தொற்றினாள். பிளாஸ்டிக் கோட்டு போட்ட காவலாளி கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "கால அலம்பிட்டு வாம்மா. புதுசா தார் போட்டிருக்காங்க."

அலுவலகத்தில் நூற்றுப் பதினோரு பேர் அவளுக்கு முன்னால் இருந்தார்கள். இந்த முறை ஒரு புதிய உறுதிமொழிப் படிவம் சேர்ந்திருந்தது. 'எனது தெரு அதன் இடத்திலேயே உள்ளது. அது நகரவில்லை என உறுதியளிக்கிறேன்' என்று ஒரு வரி. கீழே தெரு இப்போது இருக்கும் இடம் எழுத ஒரு கட்டம். அதற்கும் கீழே, பொய்யென்று தெரிந்தால் வேலை ரத்து. எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் வைத்து மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மோனிஷா இரண்டு படிவம் கேட்டு வாங்கினாள். பெயரை எழுதினாள். அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இன்னும் போடலையா? எங்க தெரு நேத்து மணலியில இருந்துச்சு, காலையில போரூர். நானே போட்டுட்டேன்" என்றான், பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த பிரகதீஷ் என்ற பையன்.

"நகர்ந்துடுச்சில்ல?"

"நகரலன்னு அவங்களே சொல்றாங்க. உனக்கு என்ன?"

உண்மையிலேயே அவளுக்கு என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டால் என்றைக்காவது யாராவது கண்டுபிடித்து, முதல் பட்டதாரியைச் சந்தே பார்க்க வெளியே அனுப்புவார்கள் என்று மட்டும் தோன்றியது. செல்போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நைனா, நம்ம சந்து எங்க கீது?"

மறுபக்கம் காற்றும் கூச்சலும். "கண்ணு! நீ பஸ் ஏறுனதும் கெளம்புச்சி. எம்மாந் தூரம் வந்துச்சி தெரியுமா! உங்கம்மா வழியெல்லாம் இட்லி ஊத்திக்கினே வந்தா. இப்ப வந்து குந்திக்குச்சி."

"எங்க நைனா?"

"எங்கன்னா? நம்ம எடத்துலதான். ஆத்தங்கரைல. பார்க்கு மேலயே குந்திக்குச்சி. நம்ம வூட்டு வாசல்ல ஒரு பிளாஸ்டிக் மானு நிக்குது." சிரித்தார். உடனே குரல் தாழ்ந்தது. "ஆனா பொக்லைன் வந்துடுச்சி கண்ணு. ஒரு ஆபீசரு வந்து, ஆக்கிரமிப்பு, சாயங்காலத்துக்குள்ள இடிப்போம்னு நிக்கிறாரு. ஊர்ல அவ்ளோ தெருவு சுத்துது, நம்மள மட்டும் எப்டிமா கண்டுக்கினாங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பழைய சுங்கத் தெரு ஆற்றோரமாகவே போய்க்கொண்டிருந்தது. மழைத்திரைக்கு அப்பால், பூங்காவின் வேலிக்குள், துணி காயும் நான்கு மாடிக் கட்டடங்கள் இரண்டு, நடுவில் சிமெண்டுப் பாதை, முனையில் நீலப்பலகை. மஞ்சள் நிறத்தில் பொக்லைன் தன் கையைத் தூக்கி வைத்திருந்தது.

மோனிஷா படிவத்தை இன்னொரு முறை படித்தாள். எனது தெரு அதன் இடத்திலேயே உள்ளது. இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, கட்டத்தில் 'கூவம் ஆற்றங்கரை' என்று தெளிவாக எழுதினாள். அது அதன் இடத்தில்தான் இருந்தது. இடத்தை விட்டு நகரவில்லை, இடத்துக்குத்தான் நகர்ந்திருந்தது. அன்று அந்த அறையில் கையெழுத்திட்ட நூற்றுப் பன்னிரண்டு பேரில் தன் தெரு எங்கே என்று தெரிந்து கையெழுத்திட்டவள் அவள் ஒருத்திதான்.

மீனலோசனி மேடம் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்க ரெண்டு உண்மைப் பொண்ணு இல்ல? இந்த வருஷம் எது?"

"ஆத்தங்கரை மேடம். தோ, ஜன்னல்ல தெரியுது பாருங்க."

"ஆபீஸ் நேரத்துல நான் ஜன்னலைப் பாக்கறதில்லம்மா. அது ஆதாரமும் இல்ல." பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. "சின்னப்பன் தோட்டம் நாலாவது சந்து. கூவம் ஆற்றங்கரை. சரியா இருக்கே! போன வருஷமே இப்படிச் சரியா எழுதிருந்தா இந்த அலைச்சல் உண்டா?"

"புதுவாழ்வு நகர்னு இருக்கற சான்றிதழ் மேடம்..."

"அது பழசு. தெரு நகராதுன்னு அறிவிப்பே வந்திருக்கு. அப்ப நீங்க அங்க போயிருக்கவே முடியாது." முத்திரை ஓங்கி விழுந்தது. 'முகவரி சரிபார்க்கப்பட்டது. தெரு பதிவேட்டின்படி அதன் இடத்தில் உள்ளது.'

பதினான்கு வருஷம் அவர்கள் அங்கே தண்ணீர் லாரிக்கு நின்றது, அவள் அங்கிருந்து கல்லூரிக்கு தினமும் மூன்று பஸ் மாறியது, எல்லாம் ஒரு முத்திரையில் நடக்காமல் போனது. அதைப் பற்றி அவளுக்குச் சண்டை போடத் தோன்றியது. போடவில்லை. இரண்டாவது பிரதியை நீட்டினாள்.

"இதுலயும் ஒண்ணு போட்டுக் குடுங்க மேடம்."

"எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னு."

இரண்டு பிரதி கொண்டுவருகிற பெண்ணை மீனலோசனி மேடத்துக்குப் பிடித்துப்போனது. "நீ நல்லா வருவேம்மா" என்று அதிலும் ஒன்று குத்தினார்.

மோனிஷா தெருவின் விளிம்புக்கு ஓடி வந்து, பூங்காவின் வேலி கைக்கு எட்டிய நேரம் பார்த்துக் குதித்தாள். சந்தின் ஜனங்கள் மொத்தமும் பொக்லைனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அம்மா தேசம்மா அந்த ஆபீசரிடமே ஒரு தட்டு இட்லியைக் கொடுத்துவிட்டு, அவரையே திட்டிக்கொண்டும் இருந்தாள். "துன்னுட்டு இடி. வெறும் வயித்தோட பாவம் செய்யாத."

மோனிஷா ஈரமாகாத அந்தத் தாளை நீட்டினாள். ஆபீசர் இட்லியைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, முத்திரையைத் தடவிப் பார்த்தார். வட்ட முத்திரை, பச்சை மை, அசல்.

"இந்தச் சந்து இங்க இல்லம்மா. நேத்து நான் பார்த்தேன், இங்க பூங்காதான் இருந்துச்சு."

"அப்போ சந்து நகர்ந்து வந்துச்சின்னு எழுதுங்க சார்" என்றாள் மோனிஷா. "உங்க கையெழுத்தோட எழுதிக் குடுங்க, நாங்க காலி பண்றோம்."

எந்தத் தெருவும் நகரவில்லை என்ற அறிவிப்பு அவர் சட்டைப்பையிலேயே மடித்து இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளிப்போய் போனில் மேலே பேசினார். அவர்கள் அதற்கும் மேலே பேசினார்கள். அரைமணி நேரம் பொக்லைனின் தூக்கிய கையில் காக்கைகள் வந்து உட்கார்ந்து எழுந்தன. திரும்பி வந்தவரின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"தெருக்கள்தான் நகரலன்னு அறிவிப்பு. பூங்காக்களைப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லல. ஆகவே, பூங்காதான் காத்துல நகர்ந்து வந்து உங்க சந்துக்கு அடியில பூந்திருக்கு."

"அதான சார் நானும் பார்த்தேன், இந்த மானு எங்கேர்ந்து வந்துச்சின்னு" என்றார் கன்னியப்பன்.

ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஏற்கெனவே அச்சடித்தாகிவிட்டது. அதை வீணாக்கக் கூடாது என்று ஆபீசர் பிளாஸ்டிக் மானின் நெற்றியில் ஒட்டினார். பதினைந்து நாளுக்குள் அது காலி செய்ய வேண்டும். பிறகு ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டு முடித்து, இன்னும் ஒன்று கேட்டார்.

மாலை நாலரைக்குக் காற்று நின்றது. நிற்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நின்றதும் தெருக்கள் ஒவ்வொன்றாக, சினிமா விட்ட கூட்டம் போல, வந்த வழியே தங்கள் இடத்துக்குத் திரும்பத் தொடங்கின. பெரம்பூர்த் தெரு உப்புப் படிந்த துணிகளோடு போனது. அதிகாரிகளின் நிழல்சாலை மார்க்கெட்டை ஒழித்துவிட்ட திருப்தியோடு போனது. பழைய சுங்கத் தெருவில், அலுவல் நேரம் முடிந்துவிட்டதால், மீனலோசனி மேடம் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு போனார். மோனிஷாவைப் பார்த்துக் கையசைத்தார்.

சந்தில் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தது நம்முடையதுதான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். இருபத்தெட்டு கிலோமீட்டர், தண்ணீர் லாரி, மூன்று பஸ். மோனிஷா சிமெண்டுப் பாதையில் வெறுங்காலோடு நின்று, உள்ளங்காலில் வரப்போகும் முதல் அசைவுக்காகக் காத்திருந்தாள். கடைசித் தெருவும் போனது. ஆறு சுருங்கித் தன் பழைய நாற்றத்துக்குத் திரும்பியது. பாதை ஒரு முறை லேசாக உடம்பைக் குலுக்கி, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவரைப் போல இன்னும் கொஞ்சம் மண்ணில் அழுந்திக்கொண்டது. அவ்வளவுதான்.

முதலில் சிரித்தது தேசம்மா. வேலை உத்தரவு எந்த முகவரிக்கு அனுப்பப்படுமோ, அது வந்து சேருமோ என்ற அடுத்த கவலை மோனிஷாவுக்குள் அதற்குள் தொடங்கியிருந்தது. யார் வீட்டிலோ தொலைக்காட்சியில், வங்கக்கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருப்பதாகச் செய்தி வாசித்தார்கள்.

கன்னியப்பன் சுத்தியலோடு சந்து முனைக்குப் போனார். நீலப்பலகையைக் கழற்றி, துடைத்து, பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அது இருந்த மூலையில் நேராக வைத்துப் பார்த்தார்.

"மெதுவா அடி நைனா, சந்து ஆடப்போவுது" என்றாள் மோனிஷா.

அவர் வாயில் ஆணிகளைக் கவ்வியிருந்தார். பலகைக்கு இரண்டு ஆணி போதும். அவர் வாயில் பதினான்கு இருந்தன.